தூக்கத்தில் மட்டும் இல்லாத சாதி



பிருகதாரணியக உபநிடதத்தின் நான்காம் அத்தியாயத்தில், ஜனக மன்னனுக்கு யாக்ஞவல்கியர் தூக்கத்தைப் பற்றிப் பாடம் சொல்லும் இடம் ஒன்று வருகிறது. கனவும் இல்லாத ஆழ்ந்த உறக்கத்தில் மனிதனுக்கு என்ன நேர்கிறது என்பது பேச்சு. ஒருவன்மேல் ஒட்டிக்கிடக்கும் அடையாளங்கள் அந்த நிலையில் உதிர்ந்துவிடும் என்கிறார் முனிவர். தகப்பன் என்ற உறவு அங்கே நிற்காது. திருடன் என்ற பழி நிற்காது. அந்த வரிசையிலேயே சண்டாளனையும் சேர்க்கிறார். ஆழ்ந்த உறக்கத்தில் அவன் சண்டாளன் அல்ல.

எங்கள் படிப்பு வட்டத்தில் இந்தப் பகுதியை உரக்கப் படித்தபோது, பின்வரிசையில் இருந்த மாணவி ஒருவர் கேட்டார்: "சரிங்க, அவன் எந்திரிச்சா?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஜனகன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவனுக்குப் பின் வந்த உரையாசிரியர்களில் பெரும்பாலோரும் கேட்கவில்லை. இன்று நாம் பேசப்போவது அந்த மாணவியின் கேள்விக்கு வரலாறு என்ன பதில் சொல்லியிருக்கிறது என்பதைத்தான்.

இந்தக் கூட்டத்துக்கு ஃபேர்லேண்ட்ஸில் இடம் கிடைத்ததும் ஒருவகையில் பொருத்தம். காலை ஆறு மணிக்கு இந்தத் தெருக்களில் இரண்டு வகை மனிதர்களைப் பார்க்கலாம். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யோகா வகுப்புக்கும் தியான வகுப்புக்கும் போகிறவர்கள் ஒரு வகை. வண்டியைத் தள்ளிக்கொண்டு குப்பை அள்ள வருகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் 'நான்' என்ற எண்ணத்தைக் கரைக்கப் போகிறார்கள். இரண்டாம் வகையினரிடம் யாரும் பெயர்கூடக் கேட்பதில்லை.

யாருடைய நினைவாக நாம் கூடியிருக்கிறோமோ அந்த ஆசிரியர், இந்தப் பகுதியில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த கதையை அடிக்கடி சொல்வார். வீட்டுக்காரர் நல்ல மனிதர், தினமும் தியானத்தில் உட்காருகிறவர். "எல்லாம் ஒண்ணுதானுங்க சார், உள்ள இருக்கறது ஒண்ணுதான்" என்று கால்மணி நேரம் வேதாந்தம் பேசினாராம். பிறகு மெதுவாக, "சாருக்கு எந்த ஊருங்க?" ஊரைச் சொன்னார். "ஊர்ல எந்தப் பக்கமுங்க?" அதையும் சொன்னார். "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்றதோடு பேச்சு முடிந்தது. ஆசிரியர் இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்: "'நான் யார்?'னு நம்மளே கேட்டுக்கணும்னு ரமணர் சொன்னார். நமக்கு அந்தச் சிரமமே இல்ல, ஊரே கேட்டுக்குது."

அந்தச் சிரிப்பிலிருந்து நாம் தொடங்குவோம்.

முதலில் அந்தத் தத்துவம் என்ன சொல்கிறது என்பதை நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். மாண்டூக்கிய உபநிடதம் மிகச் சிறியது, பன்னிரண்டே மந்திரங்கள். மனிதனின் அறிவு நிலைகளை நான்காகப் பிரிக்கிறது. விழிப்பு, கனவு, கனவற்ற உறக்கம், இவை மூன்றுக்கும் அப்பால் நான்காவது. அந்த நான்காவதற்குத் தனிப்பெயர்கூட இல்லை; துரியம் என்றால் நான்காவது என்றுதான் பொருள். விழிப்பில் 'நான் இன்னார்' என்று இருக்கிறேன். கனவில் வேறொருவனாக இருக்கிறேன். உறக்கத்தில் யாராகவும் இல்லை, ஆனாலும் எழுந்ததும் 'நன்றாகத் தூங்கினேன்' என்கிறேன். அப்படியானால் மூன்றிலும் மாறாமல் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது எது என்பதே அத்வைதத்தின் கேள்வி. உடலையும் பிறப்பையும் பெயரையும் 'நான்' என்று பிடித்துக்கொள்வது அகங்காரம். அந்தப் பிடி தளர்ந்தால் மிஞ்சுவது பிரம்மம்.

தமிழ்ச் சைவ சித்தாந்தம் இதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் நான்காம் நூற்பாவில் அவத்தைகளைப் பேசுகிறது. சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்து. உயிரின் இருப்பிடம் புருவ நடுவிலிருந்து கழுத்துக்கும், இதயத்துக்கும், உந்திக்கும், மூலாதாரத்துக்கும் படிப்படியாக இறங்குகிறது என்பது உரைமரபு. உயிரை இப்படி மறைப்பது ஆணவ மலம். செம்பில் களிம்பு போல, நெல்லில் உமி போல, அது உயிரோடு எப்போதும் உடனிருப்பது. வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல. இந்த 'ஆணவம்' என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திருச்செங்கோட்டுக்குப் போகும்போது நமக்குத் தேவைப்படும்.

இந்தத் தத்துவத்தை எடுத்த எடுப்பில் பொய் என்று தள்ளிவிட நாம் வரவில்லை. 1896இல் மதுரையில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் தான் சாகப்போவதாக அஞ்சி, பிணம்போல் படுத்து, சாவது எது என்று தனக்குள் பார்த்தான். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் ரமணர். அந்த அனுபவம் பொய் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை, தேவையும் இல்லை. ஆனால் வரலாற்று மாணவர்கள் அந்தச் சிறுவன் போய்ச்சேர்ந்த திருவண்ணாமலையில் உணவுக்கூடத்தையும் பார்க்க வேண்டும். ரமணாசிரமத்தில் பார்ப்பனர்கள் ஒரு பக்கமும் மற்றவர்கள் ஒரு பக்கமும் தடுப்புக்கு இருபுறமாக அமர்ந்து சாப்பிட்டார்கள் என்பதை அங்கே வாழ்ந்தவர்களின் நினைவுக் குறிப்புகளே பதிவு செய்திருக்கின்றன. இரு பக்கத்துக்கும் தெரியும்படியான இடத்தில் ரமணர் உட்கார்ந்திருந்தார். அவர் தனக்கென்று பேதம் பார்த்ததில்லை என்பார்கள். இருக்கலாம். தியான மண்டபத்தில் கரைந்த 'நான்', மணி அடித்ததும் எழுந்துபோய் இலையின் முன் அவரவர் பக்கத்தில் உட்கார்ந்தது. நமக்கு முக்கியமாகப்படுவது இதுதான்.

இந்தப் பிளவு ரமணர் காலத்தில் தோன்றியதல்ல. ஆதிசங்கரரின் பேரால் வழங்கும் 'மனீஷா பஞ்சகம்' என்ற ஐந்து பாட்டுக்கும் ஒரு கதை உண்டு. உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். காசியில் கங்கைக்குக் குளிக்கப் போகும் வழியில் நாய்களோடு ஒரு சண்டாளன் எதிர்ப்படுகிறான். விலகிப் போ என்கிறார்கள். எது எதிலிருந்து விலக வேண்டும் என்று அவன் திருப்பிக் கேட்கிறான். சோற்றால் ஆன உடம்பு சோற்றால் ஆன உடம்பிலிருந்தா, அறிவு அறிவிலிருந்தா? கங்கை நீரில் தெரியும் சூரியனும் சேரிக்குட்டையில் தெரியும் சூரியனும் வேறா? சங்கரர் வாயடைத்துப் போகிறார். விழிப்பு, கனவு, உறக்கம் மூன்றிலும் ஒளிரும் அறிவே தான் என்று உறுதியாக உணர்ந்தவன் சண்டாளனாக இருந்தாலும் தனக்குக் குரு என்று பாடுகிறார்.

அழகான கதை. வேதாந்த மேடைகளில் 'எங்கள் மதத்தில் சாதி இல்லை' என்பதற்குச் சான்றாகக் காட்டப்படுவது இதுதான். கதையின் முடிவை மட்டும் அவர்கள் வேகமாகக் கடந்துவிடுவார்கள். அந்தச் சண்டாளன் உண்மையில் சிவபெருமான், அந்த நாய்கள் நான்கும் நான்கு வேதங்கள் என்று கதை முடிகிறது. சேரியிலிருந்து ஒருவன் கேள்வி கேட்டான் என்பதைக் கதை சொன்னவர்களால் கடைசிவரை தாங்கிக்கொள்ள முடியவில்லை. அவ்வளவு நல்ல கேள்வியைக் கேட்டவன் சாமியாகத்தானே இருக்க முடியும்!

இதே சங்கரரின் பிரம்மசூத்திர உரையை எடுத்துக்கொள்வோம். முதல் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில், முப்பத்து நான்காம் சூத்திரம் முதல் முப்பத்தெட்டாம் சூத்திரம் வரை, சூத்திரருக்கு வேதம் வழியே பிரம்மஞானம் பெறும் தகுதி உண்டா என்ற ஆராய்ச்சி. முடிவு, இல்லை. வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் ஊற்றச் சொல்லும் ஸ்மிருதியை உரையில் ஆதரவாக எடுத்துக்காட்டுகிறார். இதிகாச புராணங்கள் வழியே நான்கு வருணத்தாரும் ஞானம் பெறலாம் என்று ஒரு சன்னலைத் திறந்துவைக்கிறார் என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை. ஆனால் அந்த நான்குக்கும் வெளியே நின்றவர்களுக்கு அந்தச் சன்னலும் இல்லை.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதே உரையின் முகவுரையில் சங்கரர் 'அத்யாசம்' என்பதை விளக்குகிறார். ஒன்றின் தன்மையை இன்னொன்றின்மேல் தவறாக ஏற்றிப் பார்ப்பது அத்யாசம். எதையெல்லாம் ஆன்மாவின்மேல் தவறாக ஏற்றிக்கொள்கிறோம் என்று சொல்லும்போது வருணத்தையும் ஆசிரமத்தையும் வயதையும் அவரே குறிப்பிடுகிறார். 'நான் பிராமணன்' என்று நினைப்பதே அறியாமையின் விளைவு என்று தொடக்கப் பக்கத்தில் சொன்ன கை, சூத்திரன் காதைப் பற்றியும் எழுதியது. வேதாந்திகள் இதற்கு விளக்கம் வைத்திருக்கிறார்கள். ஒன்று பாரமார்த்திகம், மற்றது வியாவகாரிகம். உண்மை நிலை வேறு, உலக நடைமுறை வேறு என்பார்கள். அந்த 'நடைமுறை' என்ற சொல்லுக்குள்தான் நம் பாட்டன்மார் ஆயிரம் ஆண்டுகள் குடியிருந்தார்கள்.

ஆக, அவர்கள் நூலின்படியே சாதி என்பது அகங்காரம்தான். நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டும் விளக்கமல்ல இது. அகங்காரத்தை விடு என்ற உபதேசத்தைக் கேட்டவர்களில், சாதியை அகங்காரம் என்று எடுத்துக்கொண்டு விட்டவர்கள் யார் என்பதே வரலாற்றுக் கேள்வி.

நந்தனாரை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் தில்லைக்கு வந்து, உள்ளே போக வழியின்றி எல்லையைச் சுற்றிச்சுற்றி வருகிறார். கடைசியில் தீயில் இறங்கி எழுகிறார், எழும்போது மார்பில் பூணூல். காசிச் சண்டாளன் சிவனானான். ஆதனூர்ப் புலையர் அந்தண முனிவரானார். இரண்டு கதையிலும் நம்மவர் நம்மவராக முடிய வழியில்லை. தில்லைவாழ் அந்தணர் தங்கள் அபிமானத்தைச் சுட்டுக்கொண்டதாகக் கதை இல்லை. எரிந்தது சேரி உடம்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி பண்ணையார் வேதியரைக் கதைக்குள் கொண்டுவந்து, நந்தனின் அடிமை உழைப்பையும் மேடையில் காட்டினார். அப்போதும் தீக்குழி அப்படியே இருந்தது. நந்தன் நுழைந்த வாசல் என்று நம் மக்கள் நம்பும் தெற்கு வாசலை அடைத்த சுவர் பற்றிய பேச்சு இன்றும் ஓயவில்லை.

இதற்கு எதிராக ஒன்றையும் சொல்ல வேண்டும். அத்வைதத்தைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் நம்மவர்களே முன்னணியில் இருந்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் யாரும் பேசாத பகுதி. அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தராவதற்கு முன் அத்வைதியாக இருந்தார். நீலகிரியில் அத்வைதானந்த சபை நடத்தினார். 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் ஆலய நுழைவையும் கல்வியையும் கேட்டபோது அவருக்குக் கிடைத்த பதில், சிவனும் விஷ்ணுவும் உங்கள் சாமிகள் அல்ல, உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் இருக்கிறார்கள் என்பது. எல்லாம் ஒன்று என்ற தத்துவத்தை நம்பி வந்தவருக்குச் சாமிகளே இரண்டு சாதி என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். 1898இல் அவர் பௌத்தத்துக்குப் போனதைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கூட்டத்திலிருந்து தொடங்குவது நல்லது.

சுவாமி சகஜானந்தர் வேறு வழியில் போனார். ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்தவர், வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளிடம் வேதாந்தம் படித்தவர். காவி உடுத்திய துறவி. 'நான்' என்பதை விட்டவருக்குச் சிதம்பரத்தில் என்ன வேலை? 1916இல் அங்கே நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். சட்டமன்றத்தில் உட்கார்ந்து நிலத்தையும் விடுதியையும் உதவித்தொகையையும் பற்றி வாதாடினார். 1959இல் மறையும்வரை வேதாந்தத்தையும் விடவில்லை, மனுப்போடுவதையும் விடவில்லை. கேரளத்தில் 1888இல் அருவிப்புறத்தில் தானே சிவலிங்கம் நட்ட நாராயண குருவும் அத்வைதிதான். இவர்களுடைய அரசியலோடு நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் துரிய நிலைக்குப் போனவன் திரும்பி வந்து சிலேட்டும் பலப்பமும் வாங்க வேண்டும் என்று புரிந்துகொண்ட வேதாந்திகள் இவர்கள். மடாதிபதிகளின் பட்டியலில் இவர்கள் பெயரைத் தேடாதீர்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1900இல் சேலத்தில் வழக்குரைஞர் தொழில் தொடங்கிய இராஜகோபாலாச்சாரியார், 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்தார். அக்கிரகாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலைக்குத் தாழ்த்தப்பட்டவரை நியமித்து, தன் சாதிக்காரர்களிடமே எதிர்ப்பு வாங்கினார். காவிரிக்கு அந்தப் பக்கம் ஈரோட்டில் நகராட்சித் தலைவராக இருந்தவர் ஈ.வெ.ராமசாமி. இருவரும் நண்பர்கள். 1925 இருவருக்குமே முக்கியமான ஆண்டு. பிப்ரவரியில் திருச்செங்கோடு புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். மே மாதம் பெரியார் 'குடி அரசு' தொடங்கினார். ஒருவர் அகந்தையைக் கரைக்கும் ஆசிரம வாழ்க்கைக்குப் போனார். மற்றவர் சுயமரியாதை என்ற சொல்லை ஊர்ஊராகக் கொண்டுபோனார். ஐம்பது மைல் சுற்றளவுக்குள், ஒரே ஆண்டில், 'சுயம்' என்பதை ஒருவர் கரைக்க வேண்டிய பொருளாகவும் மற்றவர் மீட்க வேண்டிய பொருளாகவும் பார்த்தார்கள். உள்ளவனுக்கு ஒரு மருந்து, இல்லாதவனுக்கு வேறு மருந்து. இந்த எளிய மருத்துவத்தை நம் ஆன்மிகவாதிகள் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. வயிறு வெடிக்கத் தின்றவனுக்கும் பட்டினி கிடந்தவனுக்கும் ஒரே உண்ணாவிரதத்தைச் சொல்கிறார்கள்.

அதே 1925இல் இராஜாஜி ஒரு வழக்கில் தோன்றினார். ஒத்துழையாமை இயக்கத்துக்காக வழக்குமன்றத்தை விட்டவர், இதற்காகச் சித்தூருக்குப் போனார். திருப்பதி அடிவாரத்தில் திருச்சானூர்க் கோயில். முருகேசன் என்ற தாழ்த்தப்பட்ட பக்தர் வழக்கமாக வெளியே நின்று கும்பிட்டுப் போகிறவர். ஒருநாள் கோவிந்த நாமத்தில் தன்னை மறந்து, தான் யார் என்பதை மறந்து, உள்ளே போய்விட்டார். யோசித்துப் பாருங்கள், மேடைதோறும் சொல்கிறார்களே அந்த நிலை இதுதானே. உடம்பு மறந்து, பிறப்பு மறந்து, கூச்சம் மறந்து, இறைவன் மட்டும் மிஞ்சும் நிலை. அதற்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பிரிவு இருந்தது, 295. வழிபாட்டிடத்தை இழிவுபடுத்தி மதத்தை அவமதித்த குற்றம். கீழ்மன்றம் 75 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் ஒரு மாதக் கடுங்காவல் என்று தீர்ப்பளித்தது.

மேல்முறையீட்டில் இராஜாஜி வென்றார். எதன் பேரில் வென்றார் என்பதைப் பார்க்க வேண்டும். முருகேசனுக்குக் கோயிலுக்குள் போக உரிமை உண்டு என்று மன்றம் சொல்லவில்லை. மதத்தை அவமதித்ததாக அரசுத் தரப்பு மெய்ப்பிக்கவில்லை என்பதால் விடுதலை. காந்தி இந்த வெற்றியைப் பற்றி எழுதும்போது மகிழ்ச்சியைவிட வருத்தமே மேலோங்கி நின்றது. சட்ட நுணுக்கத்தால் கிடைத்த வெற்றி இது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தன்னை மறந்து போனவர் தப்பித்தார். தன் நினைவோடு, இது என் உரிமை என்று தெரிந்து ஒருவர் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பக்தி மயக்கத்தில் நுழைந்தவரை ஒருநாள் மன்னிக்கலாம். விழித்த நிலையில் நுழைகிறவரைத்தான் இந்தச் சமூகம் தாங்காது. யாக்ஞவல்கியர் தூக்கத்தில் நிறுத்திய இடத்தில்தான் சித்தூர் மன்றமும் நிறுத்தியது.

இராஜாஜியைப் பற்றி இன்னும் ஒன்று. முப்பதுகளில் உபநிடதங்களைப் பற்றியும் கீதையைப் பற்றியும் எளிய நடையில் எழுதியவர் அவர். 1938இல் முதலமைச்சராக இருந்தபோது எம்.சி.ராஜா கொண்டுவந்த ஆலய நுழைவு மசோதாவை ஆதரிக்க மறுத்தவரும் அவரே. அடுத்த ஆண்டு மதுரை மீனாட்சி கோயிலில் வைத்தியநாத ஐயரும் கக்கனும் மற்றவர்களும் நுழைந்தபின், நுழைந்தவர்களைக் காக்க அவசரச் சட்டம் கொண்டுவந்தவரும் அவரே. அவரை ஒரே வண்ணத்தில் தீட்ட நாம் விரும்பவில்லை. ஆனால் உபநிடதத்தை எழுதிய கை மசோதாவை ஆதரிக்க ஓர் ஆண்டு தயங்கியது என்பதை மறக்கவும் விரும்பவில்லை.

இப்போது 'ஆணவம்'. சைவ சித்தாந்தத்தின் இந்தச் சொல்லை நூறு மடங்களின் உரைநூல்கள் காப்பாற்றி வைத்திருந்தன. அதற்கு இந்தக் காலத்தில் சரியான பொருளைக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? 'கௌரவக் கொலை' என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்ததை மறுத்து, கொலையில் என்ன கௌரவம், இது ஆணவக் கொலை என்று திருத்திய தலித் இயக்கத்தவரும் முற்போக்கு இயக்கத்தவரும்தான். இன்று தமிழ்நாட்டில் நீதிமன்றச் செய்திகளில்கூட அந்தச் சொல் புழங்குகிறது. உயிரோடு ஒட்டிய களிம்பு என்றார்கள் பழையவர்கள். அந்தக் களிம்பு பெற்ற மகளின் கழுத்தையும் நெரிக்கும் என்று நம் இயக்கங்கள் காட்டின. சித்தாந்த சபைகள் எதுவும் இந்தச் சொல்லாட்சிக்காக நமக்கு நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோட்டு மலைமேல், அர்த்தநாரீசுவரர் கோயிலுக்கு, உடன் படித்த பெண்ணோடு ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர் ஒருவர் போனார். பொறியியல் படித்தவர். அவர் பெயரை இந்த அரங்கில் நாம் சொல்லத் தேவையில்லை. உங்கள் எல்லோருக்கும் தெரியும். கோயிலிலிருந்து கடத்தப்பட்ட அவரை மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கண்டெடுத்தார்கள். கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு வழக்கில் முக்கியச் சான்றானது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்குத் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அவர்கள் குற்றவாளிகள் என்ற தீர்ப்பை உறுதி செய்தது. அதற்கு முன் இரண்டு நீதிபதிகளும் நேரில் மலையேறி வந்து இடத்தைப் பார்த்தார்கள்.

அந்த மலையில் நிற்கும் சாமி எது? பாதி ஆண், பாதி பெண். நான் வேறு நீ வேறு என்ற கோடு அழிந்த வடிவம் என்று சைவர்கள் உருகிச் சொல்லும் வடிவம். அந்தச் சந்நிதியில் இருவர் சேர்ந்து நின்றார்கள் என்பதுதான் குற்றமானது. துரியாதீதம்வரை படி போட்டுக் கொடுத்த மரபு, மலையடிவாரத்தில் அந்த இளைஞரை இறக்கிவிட்டுப் போனது.

இது ஒரு நாள் வெறி என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள முடியாது. 2023 ஜனவரியில் சேலத்துக்குப் பக்கத்தில் திருமலைகிரியில், மாரியம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞரை ஊர்க்கூட்டத்தின் நடுவில் நிறுத்தி, ஆளும் கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவர் திட்டிய காணொளியை எல்லோரும் பார்த்தோம். கைது நடந்தது. 2024 மே மாதம் தீவட்டிப்பட்டியில் மாரியம்மன் திருவிழாவில் தலித் மக்கள் வழிபடுவது பற்றிய தகராறு கல்வீச்சிலும் கடை எரிப்பிலும் முடிந்தது. மாரியம்மன் வேதாந்தத்தின் சாமி அல்ல, நம் சாமி என்று சொல்லிக்கொள்ளும் தோழர்கள் இதையும் யோசிக்க வேண்டும். நம் சாமி என்பதால் மட்டும் கதவு திறந்துவிடவில்லை.

அம்பேத்கர் இந்தக் கேள்வியோடு இருபது ஆண்டுகள் மல்லுக்கட்டினார். 1936இல் லாகூர்க் கூட்டத்துக்கென எழுதி, பேச விடப்படாத உரையான 'சாதி ஒழிப்பு' நூலில், இந்துக்கள் சுதந்திரத்துக்கும் சமத்துவத்துக்கும் உரிய கொள்கையை வெளியிலிருந்து கடன் வாங்கத் தேவையில்லை, உபநிடதங்களிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வாய்ப்புக் கொடுத்தார். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் எழுதி, அவர் மறைந்து முப்பது ஆண்டுக்குப் பின் 1987இல் வெளியான 'இந்து மதத்தின் புதிர்கள்' நூலில் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறார். எல்லா உயிரும் ஒரே பிரம்மம் என்றால் ஜனநாயகத்துக்கு அதைவிட வலுவான அடித்தளம் கிடையாது என்று முதலில் ஒப்புக்கொள்கிறார். பிறகு கேட்கிறார்: இவ்வளவு பெரிய அடித்தளத்தின்மேல் ஏன் ஒரு சமூக அறம்கூட எழவில்லை? தத்துவம் தெரிந்தவர்கள் சூத்திரனையும் பெண்ணையும் தீண்டத்தகாதவரையும் பற்றிச் சட்டம் எழுதும்போது அந்தத் தத்துவம் எங்கே போயிற்று?

இதைப் பழி போடும் கேள்வியாக மட்டும் படிக்கக்கூடாது என்பது நம் கருத்து. அம்பேத்கர் உள்முகப் பயிற்சியை வெறுத்தவர் அல்லர். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அவர் ஏற்ற மார்க்கமும் மனத்தைப் பழக்குவதைப் பேசுவதுதான். ஆனால் அங்கே கரைத்துக் கலப்பதற்கு ஒரு பிரம்மமோ, பிறவிதோறும் சாதியைச் சுமந்து வரும் ஆன்மாவோ இல்லை. சாந்தோக்கிய உபநிடதத்தில், தீய நடத்தை உள்ளவர்கள் நாயாகவோ பன்றியாகவோ சண்டாளனாகவோ பிறப்பார்கள் என்று ஒரு வாக்கியம் உண்டு. அந்த வாக்கியம் நிற்பதற்கு ஒரு பயணி தேவை, உடம்புவிட்டு உடம்பு மாறும் ஓர் ஆன்மா தேவை. பயணியே இல்லை என்று சொன்னது பௌத்தம். தத்துவச் சண்டையாக நமக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் ஆன்ம வாதம், அனான்ம வாதம் ஆகியவை, சேரியில் நின்று பார்த்தால் பிறப்புக்குப் பழி சுமத்தலாமா கூடாதா என்ற வழக்குத்தான்.

உரையை முடிக்கும் முன் உங்களை ஓர் இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். இங்கிருந்து வெகுதூரம் இல்லை, சேலத்திலேயே கோட்டைச் சாலைப் பக்கம் பெரியேரி. அங்கே தலைவெட்டி முனியப்பன் என்று ஊர் கும்பிட்டுவந்த சிலை இருக்கிறது. இது புத்தர் சிலை என்று சேலத்தின் பௌத்த அறக்கட்டளை ஒன்று 2011இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மன்ற உத்தரவின்படி தொல்லியல் துறை வந்து ஆராய்ந்தது. தாமரைப் பீடம், அரைப் பதுமாசனத்தில் அமர்ந்த உருவம், மடியில் தியான முத்திரையாக வைத்த கைகள், சுருள்முடி, உச்சியில் உஷ்ணீஷம், நீண்ட காது மடல்கள். புத்தர்தான் என்று அறிக்கை சொன்னது. 2022 ஜூலையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இனியும் இதை முனியப்பனாகக் கருத முடியாது என்று தீர்ப்பளித்து, இடத்தைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கவும், இது புத்தர் சிலை என்று பலகை வைக்கவும் ஆணையிட்டார்.

தீர்ப்பு வந்த சில வாரங்களில் எங்கள் வட்டத்தினர் சிலரும் அந்தப் பின்வரிசை மாணவியும் அங்கே போயிருந்தோம். ஊர்க்காரர்கள் கோபமாக இருந்தார்கள். தலைமுறையாகக் கும்பிட்ட சாமியை வேறு ஆள் என்று சொன்னால் யாருக்கும் வலிக்கும். அந்த வலியை நாம் ஏளனம் செய்யவில்லை; முனியப்பனைக் கும்பிட்டவர்களில் நம் தாய்தகப்பனும் உண்டு. ஒரு பாட்டி மட்டும் அருகே வந்து, "எந்தச் சாமியா இருந்தா என்ன சாமி, கண்ண மூடி உக்காந்திருக்காரு, தூங்கறவரப் போயி ஏன் எழுப்பறீங்க?" என்றார்.

மாணவி அவரிடம் சொன்னார்: "அவரு தூங்கலிங்க பாட்டி. புத்தர்னாலே முழிச்சுக்கிட்டவருன்னுதான் அர்த்தம்."

பாட்டி சிலையைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார். என்றோ வெட்டப்பட்டு, பின்னாளில் சிமென்டும் சுண்ணாம்பும் வைத்து ஒட்டிய தலை அது. ஒட்டிய இடம் கழுத்தில் தெரிகிறது.

"அதான் வெட்டிட்டாங்களா?" என்றார்.